நாற்பத்தொரு நாற்காலி, ஐந்து பேர்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு விரிசல் மேடம் ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு ஆய்வுக்கூடமே அதிரும்படி சிரித்தாள். இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த டெக்னீஷியன் திடுக்கிட்டுத் திரும்பினார். இந்த வாரம் மேடம் சிரிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை என்பது அந்தக் கட்டடத்தில் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ஒரு குழு கூடப்போகிறது. அவளை நிரந்தரமாக்குவதா, மாதக் கடைசியோடு வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்றைக்கு முடிவாகிவிடும். ஆறு வருட ஒப்பந்தம் அத்தோடு சரி.

அவள் இயந்திரப் பொறியியல் துறை ஆசிரியை. இரும்பை எத்தனை தடவை இழுத்து விட்டால் எந்த இடத்தில் விரிசல் விடும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர் ஒருநாள் அவள் காதுக்கே வந்து, அவளுக்கும் பிடித்துப்போய், இப்போது வீட்டில் கணவன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான்.

"என்ன மேடம், நல்ல சேதியா?" என்றார் டெக்னீஷியன்.

"வெள்ளிக்கிழமை என் தலையெழுத்த எழுதப்போற கமிட்டில நானும் ஒரு மெம்பராம். தவறாம வரணுமாம்."

டெக்னீஷியன் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். உறுப்பினர் என்ற இடத்தில் அவள் பெயர். பரிசீலனைக்குரியவர் என்ற இடத்திலும் அவள் பெயர். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவளுடைய சிரிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. அங்கே கண்காணிப்பாளர் அம்மாள் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்.

"சிஸ்டம் எடுத்துக் குடுத்த பேரு மேடம். உங்க ஆளுங்க மொத்தமே அஞ்சு பேர்தானே லிஸ்ட்ல."

உங்க ஆளுங்க என்பதை அந்த அம்மாள் குத்தலாகச் சொல்லவில்லை. வாயில் நுழையாத பெரிய பெயர் ஒன்று விதிப்புத்தகத்தில் இருந்தது, அதைச் சுருக்கிச் சொன்னார், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்க விடாமல் வைத்திருந்த சமூகங்களிலிருந்து படித்து முட்டி மோதி மேலே வந்து, விஞ்ஞானமும் பொறியியலும் சொல்லிக்கொடுக்கும் இடத்தைப் பிடித்தவர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு ஆசிரியர்களில் ஐந்தே பேர்.

"மத்த நாலு பேர்ல ஒருத்தர போடலாமேம்மா?"

அம்மாள் விரலை மடக்கினார். "கெமிஸ்ட்ரி சார் போன வருஷம் உட்கார்ந்துட்டாரு. மேத்ஸ் மேடம் அதுக்கு முந்தின வருஷம். இந்தக் கமிட்டில ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்ப உட்காரக் கூடாது. ஜியாலஜி சார் உங்ககூட சேந்து பேப்பர் எழுதியிருக்காரு, வேண்டப்பட்டவர்னு ஆயிடும். எலக்ட்ரானிக்ஸ் பொண்ணுக்கு சர்வீஸ் பத்தாது. மிச்சம் யாரு? நீங்கதான்."

"சரி, நானே உட்கார்ந்தா?"

"செல்லாது. உங்க கேசுக்கு நீங்களே எப்படி?"

"உட்காரலைன்னா?"

"அதுவும் செல்லாது. உங்க ஆளு ஒருத்தர் இல்லாம எந்தக் கமிட்டி கூடினாலும் செல்லாதுன்னு ரூல் இருக்கே."

"அப்போ?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மேடம்."

அடுத்த வருஷம் அவள் இங்கே இருந்தால்தானே! இந்த ரூலை எந்தப் புண்ணியவான் எழுதினான் என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள். எழுதியது அவளேதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் விதிமுறைக் குழுவில் அவள் முதல்தடவை உட்கார்ந்தபோது, எங்கள் ஆள் ஒருவர் இல்லாமல் எங்களைப் பற்றி யாரும் எதுவும் முடிவு செய்யக் கூடாது என்று மேஜையைத் தட்டிப் பேசினாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவரில்லாத கூட்டம் செல்லாது என்ற வரியைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் தரையில் கால் பாவாமல் வீட்டுக்குப் போனாள். நிறுவனத்தில் எத்தனை குழு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. எண்களையே கட்டிக்கொண்டு அழும் ஒருத்தி இப்படிக் கோட்டை விட்டிருக்கக் கூடாது.

மொத்தம் நாற்பத்தொன்று. அவள் தலையில் மட்டும் பதினொன்று விழுந்தது. கேன்டீன் குழு, வாகனம் நிறுத்தும் குழு, தோட்டக் குழு, பெயர்ப்பலகைக் குழு. நீச்சல் குளக் குழு என்று ஒன்று உண்டு. குளம் கிடையாது, குழு மட்டும் மாதம் தவறாமல் கூடும். அவளுடைய சோதனைக்கு ஒரு கம்பியை ஒரு கோடி தடவை இழுத்து விட வேண்டும். ஆறு நாள் இயந்திரம் நிற்காமல் ஓடும், நான்கு மணிக்கொரு தடவை அவளே போய் விரிசலை அளக்க வேண்டும். மூன்று முறை ஆரம்பித்தாள். மூன்று முறையும் நடுவில் ஏதோ ஒரு குழு கூப்பிட்டு, அளவு தப்பி, கம்பி குப்பைக்குப் போனது.

துறைத் தலைவரிடம் போய் நின்றாள். மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் பதறாமல் சொல்லும் பழக்கம் உள்ளவர், அது சில நேரம் கெட்டவரைவிட எரிச்சல் மூட்டும்.

"கூட்டம் நடந்தாலும் கஷ்டந்தாம்மா. அறுபது மார்க் வேணும், உங்களுக்கு அம்பத்துநாலு வருது. இன்னும் ரெண்டு பேப்பர் போட்டிருக்கலாம்ல?"

"சார், போன மூணு வருஷத்துல நான் கமிட்டில உட்கார்ந்த நேரத்துக்கு என்ன மார்க்?"

"அது கணக்குல வராதே. அது சேவை."

இந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. விறுவிறுவென்று வேதியியல் கட்டடத்துக்குப் போனாள்.

அங்கே ஆசிட் அண்ணன் இருந்தார். வேதியியல் ஆசிரியர், அவளைவிட ஒரே வயது மூத்தவர், ஒன்பது குழுவில் உறுப்பினர். எப்போதோ கை தவறிக் கொட்டியதில் சட்டையில் ஏழு ஓட்டை. அந்தச் சட்டையைத் தூக்கிப் போட மனசு வராததால் வந்த பெயர். கடிதத்தைப் படித்தவர் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார்.

"ஏய் விரிசல், இது லாட்டரி! நீ அழுதுகிட்டு வர்றியே!"

"அண்ணே, என் வேலை போகப்போகுது."

"நல்லா யோசி. உன்ன வெச்சும் கூட்டம் போட முடியல, உன்ன விட்டும் போட முடியல. நாம அஞ்சு பேரும் வரலைன்னா? நாப்பத்தொரு கமிட்டியும் படுத்துரும். அடுத்த மாசம் தரச்சான்று குடுக்க வெளியிலிருந்து ஆள் வர்றாங்க. எல்லாக் கமிட்டியோட மினிட்ஸும் கேப்பாங்க."

இத்தனை நாள் அவர்கள் ஐந்து பேரும் பாரம் சுமக்கிறோம் என்றே நினைத்திருந்தார்கள். கட்டடமே அவர்கள் தோளில்தான் நிற்கிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

மதியத்துக்குள் மற்ற மூன்று பேரும் வந்துவிட்டார்கள். கணித மேடம் எல்லோருடைய டைரியையும் வாங்கிக் கூட்டினார். விரிசல் ஆயிரத்து நூற்று நாற்பது மணி நேரம். ஐந்து பேரும் சேர்த்து மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். மண்ணியல் சார் பேசவே மாட்டார், பாறையோடு பழகிப் பழகி அப்படி ஆகிவிட்டார் என்பார்கள். அவரே ஒரு விசில் அடித்தார்.

மின்னணுத் துறைப் பெண் மட்டும் ஓரமாக உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வந்து இரண்டே வருடம், அதற்குள் எட்டுக் குழு. காது கேளாதவர்களுக்கு விலை குறைவான கருவி ஒன்றை வடிவமைப்பதாகச் சொல்லி வேலையில் சேர்ந்தவள்.

"அக்கா, விலகல் லெட்டர்ல நானும் கையெழுத்துப் போடணுமா? என்ன தூக்கிட்டாங்கன்னா?"

"நீ போட வேணாம்மா" என்றாள் விரிசல். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கையில் நான்கு வருடம் கழித்து வரப்போகிற ஒரு திங்கட்கிழமை காலை அவள் கண்முன் வந்து போனது.

வீட்டில் கணவன் கைகழுவிக்கொண்டே கதை முழுவதையும் கேட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் கடைசியில் லிஃப்டில் கொண்டுவந்து ஏற்றிவிடுவான்.

"லிஃப்ட்ல என்ன எழுதியிருக்கும்? ஆறு பேர், நானூத்தம்பது கிலோ. அதுக்கு மேல ஏறினா கதவே மூடாது. உங்க ரூல்ல ஒவ்வொரு மாடிக்கும் லிஃப்ட் கண்டிப்பா போகணும்னு எழுதியிருக்கு. எத்தன பேர் ஏறலாம்னு எழுதவே இல்ல."

அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுப் பேனாவைத் தேடினாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. கூட்ட அறையில் நீள மேஜை. தலைமாட்டில் இயக்குநர், பக்கத்தில் துறைத் தலைவர், எதிரே வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள். ஐந்தாவது நாற்காலிக்கு முன்னால் அவள் பெயர் எழுதிய அட்டை. விரிசல் மேடம் நேராகப் போய் அங்கே உட்கார்ந்தாள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், நீங்க வெளியில இருக்கணும். கூப்பிடுவோம்."

"தவறாம வரணும்னு லெட்டர் வந்துச்சு சார். நான் வெளிய போனா இந்தக் கூட்டம் செல்லாது. உள்ள இருந்தாலும் செல்லாது. ரெண்டுல எதுன்னு மினிட்ஸ்ல எழுதிட்டா நான் கிளம்பிடறேன்."

வெளியூர்ப் பேராசிரியர்களில் ஒருவர் இருமினார், அது சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். இயக்குநர் விதிப்புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். பிறகு எழுந்து, "ஒரு நிமிஷம் வாங்க" என்று அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"பாருங்க மேடம், உங்கள விட எனக்கு மனசில்ல. எங்கிட்ட அவசர அதிகாரம் இருக்கு. இந்த ஒரு தடவைக்கு ரூல்ல விலக்கு தர்றேன். ஆறு மார்க் குறையுது, கருணை மார்க் போட்டுடலாம். அரை மணி நேரத்துல நீங்க நிரந்தரம். வெளிய சொல்லிக்க வேணாம்."

ஆறு வருடம் காத்திருந்த சொல் அது. கையை நீட்டினால் போதும். வீட்டுக் கடன், மகளின் படிப்பு, ஊருக்குள் முதல் டாக்டர் பட்டம் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரியும் அப்பா, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"அஞ்சு நிமிஷம் சார்" என்று ஒதுங்கிக் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் எங்கோ ஒரு லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டு பேசினான்.

"கருணை மார்க்கா? வாங்கிட்டு வா, எனக்கொண்ணும் இல்ல. ஆனா அதுக்கப்புறம் தினம் நீ பொலம்புறத யார் கேக்குறது? நான் வேற வீடு பாத்துக்கறேன்."

"ஏங்க, வேலை போயிடுமே."

"போனா போகட்டும், நான் இருக்கேன்ல. உனக்குச் சரின்னு பட்டத செய்டி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"கருணை வேணாம் சார். செஞ்ச வேலைக்கு மார்க் வேணும், எனக்கு மட்டுமில்லாம எல்லாருக்கும். அந்த ரூல எழுதினது நான். தப்பா எழுதிட்டேன், நானே திருத்தித் தர்றேன்."

இயக்குநர் முகம் இறுகியது. "அது இன்னிக்கு முடியற காரியமா?"

தாழ்வாரக் கடைசியில் மற்ற நான்கு பேரும் நின்றிருந்தார்கள். ஆசிட் அண்ணன் ஏழு ஓட்டைச் சட்டையிலேயே வந்திருந்தார். ஆளுக்கொரு கடிதத்தை இயக்குநர் கையில் வைத்தார்கள். இனி ஆளுக்கு இரண்டு குழு, மற்றவற்றிலிருந்து இன்று நண்பகலோடு விலகல். மூன்று கடிதந்தான் வரும் என்று விரிசல் எண்ணியிருந்தாள். நான்காவது கடிதத்தை நீட்டியது நகமெல்லாம் கடித்த ஒரு கை.

"போட வேணாம்னேனே?" என்று கிசுகிசுத்தாள்.

"பயமாத்தான் இருக்குக்கா. இருந்தாலும் போட்டுட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

இயக்குநர் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கணித மேடம் கூட்டி வைத்த தாளையும் படித்தார். மூவாயிரத்து அறுநூறு என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"நீங்கல்லாம் விருப்பப்பட்டு வர்றீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். மனிதர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார், அதுதான் கொடுமை.

"நான் இரும்ப இழுத்துப் பாக்குறவ சார். ஒரே இழுப்புல எதுவும் உடையாது. சின்னச் சின்ன இழுப்பா, நிறுத்தாம இழுத்தாத்தான் உடையும். எங்கள அப்படித்தான் இழுத்துட்டு இருக்கீங்க."

இயக்குநரின் அறையில் அதற்குப் பிறகு நடந்தது திருவிழாக் கூட்டம்போல இருந்தது. விரிசல் தான் திருத்தி எழுதிவைத்திருந்த விதியை எடுத்து வாசித்தாள். ஓர் ஆளுக்கு இரண்டு குழுவுக்கு மேல் கிடையாது. குழுவில் உட்கார்ந்த நேரம் வேலையாக எண்ணப்படும், அறுபது மணி நேரத்துக்கு ஒரு மதிப்பெண், இது ஆசிரியர் எல்லோருக்கும். பரிசீலனைக் குழுவுக்கு உள்ளே ஆள் இல்லையென்றால் வேறு நிறுவனத்திலிருந்து அழைக்க வேண்டும். மற்ற குழுவுக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால் அது காத்திருக்க வேண்டும், நிறுவனம் புது ஆளை வேலைக்கு எடுக்கும்வரை.

"இது அவங்க கேசுக்காகவே எழுதின மாதிரி இருக்கே" என்றார் துறைத் தலைவர், பதறாமல்.

"சார், நீங்க எட்டு வருஷமா விடுதிக் குழுத் தலைவர். உங்க மணி நேரத்தையும் போட்டுப் பாருங்க" என்றார் கணித மேடம்.

துறைத் தலைவர் போட்டுப் பார்த்தார். அவருக்கும் பதவி உயர்வு இரண்டு வருடமாக மூன்று மதிப்பெண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த விதியை அவரைப்போல ஆதரித்துப் பேசியவர் யாருமில்லை.

இயக்குநர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "ஆளுக்கு ரெண்டுன்னா அஞ்சு பேருக்குப் பத்து. மிச்சம் முப்பத்தொண்ணு. அப்போ பதினாறு பேர புதுசா எடுக்கணுமா?" குரல் கீச்சென்று வந்தது.

"ஆமா சார்" என்றார்கள் ஐந்து பேரும்.

"நீச்சல் குளக் கமிட்டிய கலைச்சுடுங்க!"

அங்கே தொடங்கியது. பெயர்ப்பலகைக் குழு போனது, தோட்டக் குழு போனது, வாகனம் நிறுத்தும் குழுவைத் தரையில் கோடு போடுகிறவரிடம் விட்டுவிடலாம் என்று முடிவானது. கண்காணிப்பாளர் அம்மாள் பட்டியலில் அடித்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அந்த அலுவலகம் கண்டதில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் இருபத்து மூன்று குழுக்கள் ஒழிந்தன. மிஞ்சியது பதினெட்டு. பத்துக்கு ஆள் இருந்தது, எட்டுக்கு இல்லை. நான்கு புது ஆசிரியர்களுக்கு விளம்பரம் கொடுக்கும் கோப்பிலும், அவசர உத்தரவிலும் இயக்குநர் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மணிக்கு வேறு ஊர் நிறுவனத்திலிருந்து ஒரு பேராசிரியை திரையில் வந்து ஐந்தாவது உறுப்பினரானார். கதவு மூடிக்கொண்டது. விரிசல் தாழ்வாரத்தில் நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். உத்தரவு வந்துவிட்டது சரி, அவளுக்கு உள்ளே என்ன ஆகுமோ! ஆசிட் அண்ணன் ஏதோ ஜோக் சொன்னார், அவள் காதில் விழவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. துறைத் தலைவர் வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பதறியிருந்தார்.

"எழுபத்து மூணும்மா! எழுபத்து மூணு! நிரந்தரம்!"

அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். கணித மேடம் கட்டிப்பிடித்துக்கொண்டார். மண்ணியல் சார் இன்னொரு விசில் அடித்தார். அப்பாவுக்குச் சொல்ல வேண்டும், கணவனுக்குச் சொல்ல வேண்டும், போன் எங்கே என்றே தெரியவில்லை. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கண்காணிப்பாளர் அம்மாள் திருத்திய பட்டியலை ஆளுக்கொரு பிரதி கொடுத்துக்கொண்டு வந்தார். மின்னணுப் பெண் தன்னுடையதை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"அக்கா, இதுல ரெண்டுதான் இருக்கு. செவ்வாக்கிழமை ஒண்ணுமே இல்லையே?"

"செவ்வாய் உனக்குத்தான்."

"புதன்?"

"புதன், வியாழன், எல்லாம் உனக்குத்தான்டி."

"இப்போ? இன்னிக்கு நாலு மணிக்குக் கேன்டீன் மீட்டிங் இருந்துச்சே?"

"அதையும் கலைச்சாச்சு மேடம்" என்றார் கண்காணிப்பாளர் அம்மாள்.

அந்தப் பெண் வாழ்த்துக்கூடச் சொல்லாமல், பட்டியலைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, தன் ஆய்வுக்கூடம் இருந்த திசையில் தாழ்வாரம் முழுக்கச் செருப்புச் சத்தம் கேட்க ஓடினாள்.